பொட்டு வைத்த முப்பட்டகம்

எனக்குக் கூச்சம் அதிகம். இதை எழுதுவதற்கே இரண்டு முறை வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பந்தியில் சாம்பார் போதும் என்று சொல்லக் கூச்சப்பட்டு இலை வழிய வாங்கிக்கொள்கிற ஜாதி நான். இதற்கு "கூச்ச சுபாவம்" என்று மரியாதையாக ஒரு பெயர் இருக்கிறது. என் மனைவி செல்வி வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

இப்படிப்பட்டவனுக்கு மாவு மில்தான் தோதான தொழில். மெஷின் ஓடும்போது யாரும் என்னோடு பேச முடியாது. தலையை ஆட்டினால் போதும். குன்றாண்டார்கோவில் போகிற ரோட்டில், எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் மில் வைத்து, பத்தாம் வகுப்புப் படிப்போடு இத்தனை காலமும் தலையாட்டியே பிழைத்துவிட்டேன். அந்தத் தலையாட்டல்தான் என்னை ஒரு நாள் மேடையேற்றியது.

எங்கள் பக்கம் கல்விச் சீர் என்று ஒன்று உண்டு. விசேஷ வீட்டுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோவதுபோல, ஊரே திரண்டு மேளதாளத்தோடு அரசுப் பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டுபோவது. நல்ல வழக்கம். குறை சொல்லவில்லை. ஆனால் சீர் என்று வந்துவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு என்ன தேவை என்று யார் பார்க்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரன் கொடுப்பதைவிட நம்முடையது பெரிதாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பள்ளியில் மட்டும் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு சுவர்க் கடிகாரம் தொங்குகிறது. இரண்டும் வேறு வேறு நேரம் காட்டும். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததைப் பார்த்துக்கொள்வார்கள்.

சீருக்கான ஊர்க் கூட்டத்தில் செல்வியின் அண்ணன் ராசு மச்சான் எழுந்தார். குவைத்தில் பல வருடம் இருந்து வந்தவர். எழுந்து நின்றாலே சென்ட் வாசம் கூட்டத்தின் கடைசி வரை போகும்.

"நம்ம சார்பா ஒரு ஸ்மார்ட் டிவி. சுவரு அகலத்துக்கு" என்றார். கைதட்டல் அடங்கியதும் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்க?"

நான் தலையை ஆட்டினேன். எதற்காக ஆட்டினேன் என்று கூட்டத்தில் யாருக்கும் புரியவில்லை. எனக்கும்தான்.

"மாப்ளையும் தர்றாரு!" என்று மச்சானே அறிவித்துவிட்டார்.

என்ன தருவது என்று வீட்டில் முழித்துக்கொண்டிருந்தபோது வழி சொன்னது என் மகள் கயல். அப்போது ஒன்பதாம் வகுப்பு, அதே பள்ளிக்கூடம்.

"அப்பா, எங்க லேப்ல பிரிசம் மூலையெல்லாம் ஒடஞ்சு, எலி கடிச்ச கேரட்டு மாதிரி கெடக்கு. புதுசா ஒண்ணு வாங்கிக் குடுங்க. யாருமே குடுக்காத சீரா இருக்கும்."

பிரிசம் என்றதும் எனக்கு ஒரு பழைய ஏக்கம் கிளம்பியது. நான் படித்த காலத்தில் முப்பட்டகக் கண்ணாடியைக் கண்ணால் பார்த்ததில்லை. வாத்தியார் கரும்பலகையில் ஒரு முக்கோணம் போட்டு, ஒரு பக்கம் வெள்ளைக் கோடு உள்ளே போவதாகவும் மறுபக்கம் ஏழு நிறமாகப் பிரிந்து வருவதாகவும் கலர் சாக்பீஸால் வரைவார். பள்ளியில் ஊதா சாக்பீஸ் கிடையாது. அதனால் எங்கள் வகுப்புக்கு மட்டும் ஆறு நிறம்.

புதுக்கோட்டையில் லேப் சாமான் விற்கிற கடையில் கயலோடு போய் வாங்கினேன். பஞ்சு சுற்றிய சின்னப் பெட்டிக்குள் கண்ணாடித் துண்டு ஒன்று, ஐஸ்கட்டி மாதிரி சுத்தமாக இருந்தது. செல்வி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இதுவா சீரு? தாம்பாளத்துல வச்சா வாழப்பழத்துக்குப் பின்னால தேடணும். எங்கண்ணன் டிவியத் தூக்க நாலு ஆளு வாராக."

"அத்தனை பேரு தூக்குறதுல என்னம்மா இருக்கு?" என்றாள் கயல். அப்புறம் எனக்கு வகுப்பு எடுத்தாள். "ரெண்டு முனையும் ஒரே வடிவமா இருக்கணும்ப்பா. நடுவுல வளையாம நெளியாம நேரா போகணும். குறுக்க எங்கிட்டு வெட்டுனாலும் அதே வடிவம் வரணும். அதான் பட்டகம். முனை முக்கோணமா இருந்தா முப்பட்டகம்."

அன்றிலிருந்து பார்க்கிற இடமெல்லாம் பட்டகமாகத் தெரிந்தது. சோப்புக் கட்டி பட்டகம். மைசூர்பாகு பட்டகம். சீவாத பென்சில் ஆறு பட்டை வைத்த பட்டகம். என் மில்லின் தகரக் கூரையும், இரண்டு பக்கச் சரிவும் முன்னும் பின்னும் முக்கோணச் சுவருமாக, பிரமாதமான ஒரு முப்பட்டகம். (இத்தனை வருடம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறேன், ஒரு நிறமும் பிரியவில்லை.)

அந்தக் கூரையில் ஒரு ஆணி ஓட்டை உண்டு. காலையில் அதன் வழியாக வெயில் ஒரு கம்பி போல இறங்கும். காற்றில் மாவு பறப்பதால் கம்பி முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். நானும் கயலும் முப்பட்டகத்தை அந்தக் கம்பிக்குக் குறுக்கே பிடித்துத் திருப்பினோம். எதிரே அடுக்கியிருந்த வெள்ளைச் சாக்கின்மேல் சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடிகிற ஒரு பட்டை பொத்தென்று விழுந்தது. ஊதா! எங்கள் வாத்தியாருக்குக் கிடைக்காத ஊதா! மாவரைக்க வந்தவர்கள் தூக்குச்சட்டியோடு காத்துக்கிடந்தார்கள். நான் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே விரலை விட்டு விளையாடிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் கயல் ஒரு காரியம் செய்துவிட்டாள். ராசு மச்சானின் மகள் தரணியும் அதே வகுப்புதான். "ஒங்கப்பா குடுக்குறது கண்ணாடித் துண்டாமே" என்று அவள் வகுப்பில் வைத்துச் சிரிக்க, இவள் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள்: "ஒங்க டிவி கரண்டு இருந்தாத்தான் கலர் காட்டும். எங்கப்பா மேடையில வச்சு சூரியனையே ஒடச்சுக் காட்டுவாரு, பாரு."

இதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். வகுப்பு முழுவதும் கேட்டிருக்கிறது. இனி நிறம் விழுந்தே ஆக வேண்டும். நான் தலையை ஆட்டினேன்.

சீர் நாள் காலையில் கோயில் வாசலில் சாமான்களையெல்லாம் பரப்பினார்கள். ராசு மச்சான் எல்லாருக்கும் ஸ்டிக்கர் அடித்து வந்திருந்தார். நாற்காலிக்கு நாற்காலி, துடைப்பத்துக்குத் துடைப்பம் கொடுத்தவர் பெயர். முப்பட்டகத்தின் ஒரு பக்கத்தை முழுசாக மூடி 'அன்பளிப்பு: மு. சின்னையா, மாவு மில்' என்று ஒட்டினார்.

"தண்ணியில போட்டாலும் போகாது மாப்ள" என்றார்.

நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், என் பெயர் தங்க நிற எழுத்தில் மின்னியதை இரண்டு தரம் படித்துப் பார்த்தேன்.

அடுத்து மச்சானின் மனைவி சாந்தி, சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாக வந்தாள். எனக்குத் தங்கச்சி முறை. புதுப் பொருள் எதுவும் பொட்டில்லாமல் அவளைத் தாண்டிப் போக முடியாது. பீரோவுக்கு வைத்தாள். கடிகாரங்களுக்கு வைத்தாள். டிவியை நெருங்கியபோது மச்சான் கத்தினார்.

"ஏய், ஸ்கிரீன்ல வைக்காத! அட்டப்பெட்டியில வை!"

எவ்வளவு சுலபமான வாக்கியம்! இப்போது நினைத்தாலும் பொறாமையாக இருக்கிறது. அடுத்த நிமிடம் அவள் என் தாம்பாளத்துக்கு வந்தாள். எனக்கு எல்லாம் தெரியும். கண்ணாடிக்குள் வெளிச்சம் நுழைய ஒரு பக்கமும் வெளியேற ஒரு பக்கமும் வேண்டும். ஒரு பக்கத்தை என் பெயர் ஏற்கெனவே அடைத்துக்கொண்டு நின்றது. மீதி இரண்டையும் காப்பாற்ற வேண்டும். வாயைத் திறந்தேன்.

"சாந்தி... அது வந்து..."

"என்னண்ணே? மூணு பக்கம் இருக்கு. மூணு தேவிக்கும் ஆச்சு" என்று சொல்லி, ரோஸ் வாட்டரில் குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் அள்ளி இழுத்தாள். அவள் விரலின் அகலமும் கண்ணாடியின் அகலமும் ஒன்று. திருப்பி அடுத்த பக்கம். ஸ்டிக்கர் மேலும் ஒரு இழுப்பு. மூன்றின் நடுவிலும் தாராளமாகக் குங்குமம். பிறகு வாழைப்பழத்துக்கும் ஆப்பிளுக்கும் நடுவே வைத்து, தாம்பாளத்தையே மஞ்சள் ஜெலட்டின் தாளால் சுற்றி நாடா கட்டினாள்.

"நல்லாருக்காண்ணே?"

நான் தலையை ஆட்டினேன்.

(பள்ளிக்கூடத்துக்குப் போனதும் ஓரமாகக் கழுவிவிடலாம் என்று நினைத்தேன். கழுவுவதற்கு யாரிடமாவது தண்ணீர் கேட்க வேண்டுமே என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.)

ஊர்வலம் நகர்ந்து போய்ச் சேர்ந்தது. கயல் முந்தின நாளே மேடையில் இடம் பார்த்து வைத்திருந்தாள். பத்து மணிக்கு மேடையின் கிழக்கு ஓரத்தில் வெயில் விழும். உள்ளே நிழல். நிழலில் என் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டியாயிற்று. வெயிலில் பிடித்தால் நிழலில் நிறம் விழும். எல்லாம் சரிதான். ஆனால் கல்வி அதிகாரி வந்தது பன்னிரண்டு மணிக்கு. சூரியன் அவருக்காகக் காத்திருக்காமல் ஷாமியானாவுக்கு மேலே ஏறிவிட்டது. அதன்பிறகு மாலை, பொன்னாடை, மச்சானின் டிவி. டிவியைப் போட்டதும் ஒரு மீன் தொட்டி ஓடியது. கூட்டம் ஆ என்றது. தரணி திரும்பிக் கயலைப் பார்த்தாள்.

அடுத்து நான். செய்முறையைக் கயல் செய்வதாகத்தான் ஏற்பாடு. மைக் மச்சான் கையில் இருந்தது.

"சீரு குடுத்தவரு கையாலதான் செய்யணும். பிள்ள ஒக்காரட்டும். மாப்ள, வாங்க!"

கயல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். நான் மேடை ஏறி ஜெலட்டின் தாளைக் கிழித்தேன். அந்தத் தாளுக்குள் வெயிலில் வெந்த சந்தனம் பூச்சு வேலை முடிந்த சுவர் மாதிரி இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. துண்டால் தேய்த்தேன். என் கை வியர்வை பட்டுக் குங்குமம் மட்டும் கரைந்தது. முன்பு பொட்டு இருந்த இடம்தான் சிவப்பு. இப்போது முழுசும் சிவப்பு.

மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார்கள். கயல் சொல்லிக்கொடுத்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

"இது பட்டகம். ரெண்டு முனையும் முக்கோணம். நடுவுல நேரா போகும். நம்ம மில்லுக் கூரை மாதிரி."

கூட்டம் சிரித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் பேசி நாலு பேர் சிரிக்கிறார்கள். அந்தத் தைரியத்தில் இன்னொன்றையும் எடுத்துவிட்டேன்.

"ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா மேசையில இருக்குற பேர்ப் பலகை கூட இதே வடிவம்தான். ஆனா அதுல வெளிச்சம் உள்ள போகாது."

ஆசிரியர்கள் வரிசையிலிருந்து ஒரு பெரும் சிரிப்பு வெடித்து உடனே நின்றது. தலைமையாசிரியை புன்னகையோடுதான் இருந்தார். அந்தப் புன்னகை அப்படியே உறைந்து நின்றது.

"வெயில் வேணும்" என்றேன் மெதுவாக. மைக் அதை ஊர் முழுக்கச் சொன்னது.

"ஏய், அந்தத் துணியத் தூக்குங்கப்பா!" என்று மச்சான் குரல் கொடுக்க, இரண்டு பேர் கம்பால் ஷாமியானாவின் ஓரத்தைத் தூக்கினார்கள். உச்சி வெயில் நேராக அதிகாரியின் வழுக்கைத் தலையில் இறங்கியது. நான் கண்ணாடியை வெயிலில் நீட்டித் திருப்பினேன். வேட்டியில் ஒரு நிறமும் இல்லை. மறுபடி திருப்பினேன். எங்கோ ஒரு மூலையில் நான் சுரண்டிய இடம் மட்டும் பளபளத்திருக்க வேண்டும். அதில் பட்டு ஒரு வெள்ளை ஒளி துள்ளிப்போய் அதிகாரியின் கண்ணில் விழுந்தது.

மச்சான் மைக்கில் கேட்டார்: "சார், ஏழு கலரும் தெரியுதுங்களா?"

"எனக்குக் கண்ணே தெரியலைங்க. அவர மொதல்ல அங்கிட்டுத் திரும்பச் சொல்லுங்க!"

அங்கிட்டுத் திரும்பினேன். அது பிள்ளைகள் மேல் அடித்தது. "ஏய், எம்மேல பட்ருச்சு!" என்று ஒரே கூச்சல். எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கால் நடுங்கியது. வியர்வை கண்ணுக்குள் இறங்க, அதே கையால் முகத்தைத் துடைத்தேன். நெற்றி முதல் தாடை வரை குங்குமம். தலை சுற்றுகிற மாதிரி இருக்கவே திரை வேட்டியைப் பிடித்தேன். அதில் என் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தன. (திரையில் நிறம் விழுந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.)

மேடைக்குக் கீழே மேளக்காரர்கள் அதுவரை சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் முகமெல்லாம் குங்குமத்தோடு ஒருவன் சூரியனை நோக்கிக் கையை உயர்த்தி, உடம்பு நடுங்க நிற்கிறான். அவர்கள் தொழில் தெரிந்தவர்கள். ஒரு நொடி தாமதிக்கவில்லை. சாமி ஆடும்போது அடிக்கிற அடியை அடித்துவிட்டார்கள்.

"சின்னையாண்ணனுக்குச் சாமி வந்துருச்சு!" என்று சாந்தி குலவையிட்டாள்.

மறுப்பதற்கு அந்த இடத்தில் ஒரு சொல் போதும். எனக்கு வரவில்லை. மேளச் சத்தத்தில் என் நடுக்கம் தாளத்துக்குள் போய்விட்டது என்று பிற்பாடு பார்த்தவர்கள் சொன்னார்கள். பெண்கள் எழுந்து கும்பிட்டார்கள். ஒருத்தர் விபூதித் தட்டை நீட்டினார்.

"சாமி, இந்த வருசமாச்சும் கம்மா நெறையுமா?" என்று ஒருத்தர் கேட்டார்.

நான் எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன். தலையை ஆட்டினேன். கூட்டம் ஆரவாரம் செய்தது. அதிகாரி ஒரு பக்கம் தலைமையாசிரியையைப் பார்த்தார், மறுபக்கம் கூட்டத்தைப் பார்த்தார், பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று ஷூவைக் கழற்றினார்.

யாரோ ஒரு குடம் தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைப் பார்த்தேன். சந்தனமும் குங்குமமும் குழம்பாக ஒழுகிக்கொண்டிருந்தன. என் பெயர் மட்டும் அப்படியே மின்னியது. மச்சான் சொன்னது சரிதான், அந்த ஸ்டிக்கர் தண்ணீரில் போகவில்லை.

முன்வரிசையில் தரணி பயபக்தியோடு கைகூப்பி நின்றாள். கயல் மட்டும் உட்கார்ந்தபடியே புத்தகப்பையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள்.

வீட்டில் அவள் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சாந்தி அத்தகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்லப்பா?"

நான் தலையைக்கூட ஆட்டவில்லை. என் கூச்சத்தால் எனக்குத்தான் நஷ்டம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதற்கான விலையை அன்றைக்குக் கொடுத்தது ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை.

மறுநாள் அறிவியல் டீச்சர் முப்பட்டகத்தைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஸ்டிக்கரைப் பிளேடால் சுரண்டி, ஜன்னலோரம் வைத்திருக்கிறார். கயல் வேகமாக வீட்டுக்கு வந்தாள்.

"கலர் விழுந்துச்சுப்பா. ஏழும் விழுந்துச்சு. சுவரு பூரா."

எனக்கு உயிர் வந்தது. "தரணி என்ன சொன்னா?"

கயல் பையைத் தூக்கி மூலையில் எறிந்தாள். "ஒங்கப்பா மேல சாமி வந்து தொட்டதுனாலதான் விழுதுன்னு சொல்றா. கிளாஸே நம்புது. ஒளிவிலகல்னு நான் தொண்ட கிழியச் சொல்றேன், ஒரு பிள்ளையும் கேக்க மாட்டேங்குது. பரீட்சைக்கு முன்னால ஒங்ககிட்ட வந்து விபூதி வாங்கணுமாம்!"

வாங்கவும் வந்தார்கள். மில்லை ஓடவிட்டு உள்ளேயே இருந்துகொண்டேன்.

அந்த வருடம் கண்மாய் நிறையவில்லை. அதோடு என் சாமி கணக்கு முடிந்தது. ஆனால் குடும்பம் சும்மா விடுமா? ராசு மச்சான் ஃபோனில் மேடை வீடியோ இன்னும் இருக்கிறது. புது மாப்பிள்ளை, புது மருமகள் யார் குடும்பத்துக்குள் வந்தாலும் காபிக்கு அடுத்து அதுதான். விசேஷ வீட்டில் நான் சந்தனக் கிண்ணத்தைத் தொட்டால் கண்ணாடி போட்டவர்களெல்லாம் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் மச்சான் புதுக் கார் எடுத்தார். சாந்தி கிண்ணத்தோடு பின்பக்கம் போனபோது மச்சான் அவளைத் தடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, நீங்க பாத்துச் சொல்லுங்க. இதுல கேமரா, சென்சார்னு என்னென்னமோ இருக்கு. எங்கிட்டு வைக்கலாம்?"

நான் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு இடம் காட்டினேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. இப்போதெல்லாம் எங்கள் சொந்தத்தில் புதுப் பொருள் எது வந்தாலும் நல்ல நேரம் பார்த்த கையோடு என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். நேற்றுகூட தரணி ஹாஸ்டலிலிருந்து வீடியோ காலில் வந்தாள்.

"மாமா, புது லேப்டாப்பு. கையில குங்குமத்தோட நிக்கிறேன். எங்க வைக்கட்டும்?"

"மூடி மேல, நடுவுல" என்றேன்.

திருச்சியில் பி.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கும் கயல் லீவுக்கு வந்து பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஃபோனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ரோஸ் வாட்டர்ல கொழைக்காதடி. உள்ள எறங்கிரும். காஞ்ச குங்குமமா வை."

எனக்கு இது தோன்றவில்லை. என்ன இருந்தாலும் படித்த பிள்ளை.